பீடத்து லில்லி

உக்காருங்க சிஸ்டர். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. லில்லிக்குத்தானே வந்தீங்க? நீங்க கேட்டைத் திறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. ஈஸ்டர் வருதுன்னா பீடம் ஜோடிக்கிறவங்க நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. நீங்க குன்னூருக்குப் புதுசு. பழைய சிஸ்டர் சொல்லி அனுப்பியிருப்பாங்க, "ரெஜினாம்மா வீட்ல கேளுங்க, வெள்ளை வெளேர்னு தருவாங்க"ன்னு. தந்துக்கிட்டுத்தான் இருந்தேன். இனிமே இல்ல சிஸ்டர். கிழங்கெல்லாம் தோண்டி எரிச்சாச்சு.

கோவத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. பூவைக் குத்தம் சொல்லவும் எனக்கு வாய் வராது. சூசையப்பர் கையில இருக்கிற பூ அது. அதைப் போய் நான் என்ன சொல்ல? ஆனா யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருக்கலாம். நர்சரிக்காரன் சொல்லியிருக்கலாம். மலர்க் கண்காட்சியில பரிசு குடுத்தாங்களே, அவங்க சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாம். கோயமுத்தூர் டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க. எனக்கு மட்டும் யாரும் சொல்லல.

உங்க மடத்துல பூனை இருக்கா? இருந்தா இதைக் கேட்டுட்டுப் போங்க. காபி அப்புறம் போடறேன்.

உள்ள இருமுறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். இன்னாசி. பேக்கரியில வர்க்கி போட்டவர். அடுப்புக்கு முன்னால நின்னு நின்னு வெந்த உடம்பு. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. கை அப்படியே துணி மாதிரி தொங்கும். பேச்சும் போச்சு. முழுசாப் போகல, பாதி பாதி எழுத்தா வரும். நாக்கு புரளாது.

மத்தவங்களுக்கு அவர் பேசறது புரியாது. எனக்குப் புரியும். ஏன்னா நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ. அந்தக் காலத்துல மழை பிடிச்சா லைன்ல குரலே வராது, இரைச்சல்தான் வரும். ஏதோ எஸ்டேட்டிலிருந்து எவனோ "ம... ம..."ம்பான். மேட்டுப்பாளையமா, மசினகுடியா, மஞ்சூரான்னு மத்த பொண்ணுங்க முழிப்பாங்க. நான் டக்குனு போட்டுக் குடுப்பேன். எங்க சூப்பர்வைசர் சொல்லுவார், "ரெஜினாவுக்குப் பாதி எழுத்து போதும்"னு. அந்தக் காது சிஸ்டர் இது.

அதனால இவர் விஷயத்துல எனக்குக் கஷ்டமே இல்ல. அவர் வாயைத் திறக்கும்போதே நான் முடிச்சிருவேன். "தண்"ம்பார், தண்ணி. "கா"ம்பார், காபி. சில நேரம் தலையை ஆட்டுவார், இல்லேங்கிற மாதிரி. கொண்டுவந்து கையில குடுத்தா குடிச்சிருவார். அப்ப காபிதானே?

அவருக்கு உடம்பு இப்படி ஆன மறு வருஷம், விபூதிப் புதன் அன்னிக்கு, ஒரு பூனை வந்துச்சு. நான் கோயில்லருந்து நெத்தியில சாம்பலோட வர்றேன், அது மழையில நனைஞ்சு இவர் கட்டில் மேல ஏறி உக்காந்திருக்கு. அதுவும் சாம்பல் கலர். விரட்டலாம்னு துடைப்பத்தை எடுத்தேன். இவர் "சா... சா..."ன்னார். சரி, சாம்பல்னு சொல்றார்னு சாம்பின்னே பேரு வெச்சுட்டேன்.

எனக்குப் பூனை பிடிக்காது. முடி கொட்டும், பால் திருடும். ஆனா அது எங்க போய்ப் படுக்கும் தெரியுமா? அவரோட விழுந்துபோன கை மேல. நல்ல கை பக்கத்துலயே இருக்கும், அதை விட்டுட்டு செத்த கையில வந்து சுருண்டுக்கும். பிசியோதெரபிக்கு வந்த பொண்ணு ஒரு ரப்பர் பந்தைக் குடுத்து அமுக்கு அமுக்குன்னு மாசக் கணக்கா சொல்லுச்சு, ஒரு விரல் அசையல. இந்தப் பூனை வந்து படுக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு நாள் பாக்கறேன், சுண்டு விரல் அதோட காதைத் தடவுது. நான் பாத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன். போய் அழுதேன்.

பூனைகிட்ட நிறையப் பேசுவார். என்னென்னவோ சத்தம் வரும் அந்த ரூம்லருந்து. என்கிட்ட அவ்வளவு பேச மாட்டார். பேச வேண்டிய அவசியம் இல்லையே, நான்தான் புரிஞ்சுக்கிறேனே.

இப்ப போஜனைப் பத்திச் சொல்லணும். பக்கத்துத் தோட்டக்காரர். அந்த ஜன்னல் வழியாப் பாருங்க, வேலிக்கு அந்தப் பக்கம் கேரட் பாத்தி தெரியுதா? அது அவருது. படுகர். நல்ல மனுஷர்தான், நான் இல்லேன்னு சொல்லல. ரெண்டு மாடு இருக்கு. அவர் சம்சாரம் பேரு மாதி, இந்தத் தெருவுக்கே அதுதான் பால் ஊத்தும். போஜன் என்னை அக்கான்னுதான் கூப்பிடுவார்.

போன வருஷம் தவக்காலத்துல ஒரு நாள் வேலிக்கிட்ட வந்து நின்னு, "அக்கா, உங்க பூனை என் நாத்தையெல்லாம் பறிச்சுப்போடுது. வேலிக்கு இந்தப் பக்கம் வராமப் பாத்துக்கங்க. ஏதாவது ஆயிருச்சுன்னா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா சொன்னாரா இல்லையா? அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு பாத்தியெல்லாம் வெள்ளையா ஒரு பொடியைத் தூவிக்கிட்டு இருந்தார். நான் கண்ணால பாத்தேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் ஆலங்கட்டி மழை. சாயங்காலம் வானம் கறுத்து, தகரக் கூரையில கல்லு கொட்டற மாதிரி. என் லில்லியெல்லாம் மொட்டு விட்டு நிக்குது. ஈஸ்டருக்கு விரியணும்னு கணக்குப் பண்ணி வளர்த்தது. ஓடி ஓடி ஒவ்வொரு தொட்டியாத் தூக்கிட்டு வந்தேன். ஹால்ல வெளிச்சம் பத்தாது. இவர் ரூம்லதான் பெரிய ஜன்னல். ஜன்னல் கட்டை மேலயும் கீழயும் வரிசையா வெச்சுட்டேன். ரூமே கோயில் மாதிரி ஆயிருச்சு. "பாருங்க, படுத்த எடத்துலயே பீடம்"னு சொன்னேன். சாம்பி ஒவ்வொரு தொட்டியா மோந்து பாத்துக்கிட்டே போச்சு.

மறுநாள் காலையில ஒரு பூ அவசரப்பட்டு விரிஞ்சிருச்சு. லில்லி விரிஞ்ச உடனே நடுவுல இருக்கிற மஞ்சத்தூள் காம்பைக் கிள்ளிரணும் சிஸ்டர், இல்லேன்னா பீடத் துணியில பட்டா கறை போகவே போகாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். திருப்பலிக்கு நேரமாச்சு, வந்து கிள்ளிக்கலாம்னு போயிட்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே இவர் சத்தம். "பூ! பூ!"ங்கிறார். எனக்குக் கேட்டது "போ... போ..." சாம்பி கட்டிலுக்கு அடியில வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கு. நுரை நுரையா. வயித்தை உள்ள இழுத்து இழுத்து உடம்பே குலுங்குது. இவர் நல்ல கையை நீட்டி ஜன்னலைக் காட்டறார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைச்சு, "போ... போ..."

நான் ஜன்னலைப் பாக்கறேன். ஜன்னலுக்கு வெளிய வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் போஜன் குனிஞ்சு களை பறிச்சுக்கிட்டு இருக்கார்.

"போஜனா?"ன்னேன்.

தலையை ஆட்டினார். வேகமா ஆட்டினார். இப்படியா, அப்படியான்னு நான் அப்ப பாக்கல. கையை இன்னும் நீட்டினார்.

"போஜன் மருந்து வெச்சுட்டானா? நீங்க பாத்தீங்களா?"

அவர் கட்டில் சட்டத்துல படார் படார்னு அடிச்சார். எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

நேரா வேலிக்குப் போனேன். எங்க தெருவுல அன்னிக்கு எல்லாரும் வெளிய இருந்தாங்க, மழையில விழுந்த கிளையெல்லாம் பொறுக்கிக்கிட்டு. நான் ஒண்ணும் அசிங்கமாப் பேசல. "வாயில்லாத ஜீவனுக்கு விஷம் வெச்சீங்களே, உங்க மாட்டுக்கு யாராவது வெச்சா எப்படி இருக்கும்?"னு கேட்டேன். கேள்விதான் கேட்டேன் சிஸ்டர். இன்னிக்கும் சொல்றேன், கேள்விதான்.

போஜன் நிமிர்ந்தார். கையில மண்ணு. "நான் வெக்கல அக்கா"ன்னார்.

"அந்த வெள்ளைப் பொடி என்ன?"

"சுண்ணாம்பு. மண்ணுக்கு."

"என் வீட்டுக்காரர் உங்க பேரைச் சொல்றார். அவர் பொய் சொல்ல மாட்டார்."

அதைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. இவரும் போஜனும் சிநேகிதம். உடம்பு நல்லா இருந்தப்ப சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இந்தப் பக்கம் ஒருத்தருமா நின்னு பேசிக்கிட்டே இருப்பாங்க. போஜன் எங்க ஜன்னலைப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடியும் குனிஞ்சு களை பறிக்க ஆரம்பிச்சுட்டார். குத்தமில்லாதவன் எதுக்குக் குனியணும்? அப்படித்தான் நான் நினைச்சேன்.

சாம்பியைப் பையில போட்டுக்கிட்டு பஜார்ல இருக்கிற டாக்டர்கிட்ட ஓடினேன். சின்ன வயசுத் தம்பி. "என்ன சாப்பிட்டுச்சும்மா?"ன்னார்.

"எலி மருந்து."

"பாத்தீங்களா?"

"பாத்தவர் சொன்னார்."

"வீட்ல செடி கிடி ஏதாவது கடிச்சிருக்குமா?"

"வருஷக் கணக்கா வீடு முழுக்கச் செடிதான் தம்பி. அது ஒண்ணையும் தொட்டதில்ல. எலி மருந்துதான்"னேன். அவர் எலி மருந்துக்கு என்ன உண்டோ அந்த ஊசியைப் போட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நான் சொன்னதை வெச்சுத்தானே பாப்பார்.

சாயங்காலம் வாந்தி நின்னுருச்சு. நல்லாயிருச்சுன்னு நினைச்சேன். அது அப்படித்தான் பண்ணுமாம், பிழைச்ச மாதிரி காட்டுமாம். தூக்கிட்டுப் போய் இவர் கையில விட்டேன், சந்தோஷப்படட்டும்னு. அந்த ரூம்லதான். அந்தப் பூவுக்கெல்லாம் நடுவுல.

இவர் அழ ஆரம்பிச்சுட்டார். சந்தோஷத்துல அழறார்னு நினைச்சேன். திடீர்னு கைத்தடியை எடுத்து வீசினார் பாருங்க, ஜன்னல் கட்டையில இருந்த தொட்டி கீழ விழுந்து சுக்கு நூறு. மறுபடியும் தடியை எட்டி எடுக்கப் பாக்கறார், அடுத்த தொட்டிக்கு. "போஜன் மேல இருக்கிற கோவத்தை ஆண்டவர் பூ மேலயா காட்டுவீங்க?"ன்னு திட்டினேன். தடியைப் பிடுங்கி ஹால்ல வெச்சுட்டேன். "பூ... பூ..."ன்னு கத்தினார். "போஜனை நான் பாத்துக்கறேன், நீங்க பேசாம இருங்க"ன்னேன்.

சிதறின மண்ணைக் கூட்டினேன். உடையாத பூவை எடுத்து தண்ணியில போட்டு, அவர் தலைமாட்டுலயே வெச்சேன். வீணாப் போகக் கூடாதுன்னு.

மறுநாள் சாம்பி எதையும் தொடல. பாலைக் கிட்ட கொண்டுபோனா முகத்தைத் திருப்பிக்குது. தண்ணிக் கிண்ணத்துக்கு முன்னால போய் உக்காருது, குனியுது, குடிக்கல. அது ஒண்ணுக்குப் போற மண்ணு தட்டு காஞ்சு கிடக்கு. அதுக்கு மறுநாள் காலையில பாத்தா கட்டிலுக்கு அடியில மூலையில ஒடுங்கிப் படுத்திருக்கு, வாயிலருந்து ஒரு கெட்ட வாடை. தொட்டா காது சில்லுனு இருக்கு. இவர் பேசறதை நிறுத்திட்டார். சுவத்தையே பாத்துக்கிட்டு படுத்திருக்கார்.

பஜார் டாக்டருக்கு போன் போட்டேன். "உடனே கோயமுத்தூர் கொண்டுபோங்கம்மா, தாமதிக்காதீங்க"ன்னார். ராத்திரி பெஞ்ச மழையில மலைப்பாதையில மரம் விழுந்திருக்கு, பஸ் நிக்குது. டாக்ஸிக்காரன் பூனைக்கு வர மாட்டேங்கிறான். நான் பையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கும் வீட்டுக்கும் அலையறேன். அப்ப ஒரு பிக்கப் வந்து நின்னுச்சு. போஜன்.

"ஏறுங்க அக்கா. மரத்தை வெட்டிட்டாங்களாம், ஒவ்வொரு வண்டியா விடறாங்களாம்."

ஏறினேன். வேற வழி? ஆனா மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னா, குத்தம் பண்ணினவன்தான் இப்படி ஓடி வருவான். மனசாட்சி உறுத்துது, அதான் வர்றான். அந்தப் பாதை பூரா அதையேதான் நினைச்சேன். ஜெபமாலையை எடுத்து சத்தமாச் சொல்ல ஆரம்பிச்சேன். "தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்"ங்கிற எடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவர் காதுல விழட்டும்னு.

அவர் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுக்கிட்டு ஓட்டறார். மூடுபனி. வெட்டின மரத்துக்கிட்ட வரிசையா வண்டி. அவர் இறங்கிப் போய் ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் ஏதோ சொல்லிக் கெஞ்சி வழி வாங்கிட்டு வந்தார். பர்லியாறு தாண்டும்போது சாம்பிக்கு ஒரு இழுப்பு வந்துச்சு. கால் நாலும் விறைச்சு, கண்ணு மேல போய்... நான் கத்திட்டேன். போஜன் வண்டியை ஓரங்கட்டி, துணியை நனைச்சு வாயோரம் துடைச்சுவிட்டார். அவர் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழட்டி சாம்பியைச் சுத்தினார். "இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்"னார். என்கிட்ட சொல்லல. பூனைகிட்ட சொன்னார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. மேசையில படுக்க வெச்சு வயித்தை அமுக்கிப் பாத்தாங்க. நான் ஆரம்பிச்சுட்டேன், எலி மருந்து, பக்கத்து வீடுன்னு. போஜன் கதவுக்கிட்ட நிக்கறார். அந்தம்மா என் பேச்சைக் கேட்ட மாதிரியே தெரியல. சாம்பியோட காதுக்குப் பின்னால முடியை விலக்கி விலக்கிப் பாத்துட்டு, "இது என்ன மஞ்சள்?"னாங்க.

நாக்கு எட்டாத எடம் சிஸ்டர். மத்த எடமெல்லாம் அது நக்கிச் சுத்தம் பண்ணியிருக்கு. அங்க மட்டும் அப்பின மாதிரி ஒரு கறை.

"உங்க வீட்ல லில்லி இருக்கா?"

எனக்கு அந்த நேரத்துலயும் ஒரு பெருமை பாருங்க. "இருக்கு டாக்டர், கோயிலுக்குன்னே வளக்கிறேன், ரெண்டு தடவை பரிசு வாங்கியிருக்கு"ன்னேன்.

அவங்க கையை எடுத்துட்டாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. அந்தப் பூ, இலை, தண்டு, அந்தத் தூள், ஜாடித் தண்ணிகூட, எல்லாமே பூனைக்கு விஷம். நமக்கு இல்ல, பூனைக்கு. உடம்புல பட்ட தூளை நக்கினாலே போதும், கிட்னி நின்னுரும். "முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா டிரிப்ஸ் போட்டுப் பாத்திருக்கலாம். யாரும் கவனிக்கலையா? அது பூவை உரசும்போது வீட்ல யாரும் பாக்கலையா?"

பாத்தவர் ஒருத்தர் இருந்தார் சிஸ்டர்.

டிரிப்ஸ் ஏத்தினாங்க. எவ்வளவு ஏத்தியும் ஒரு சொட்டு வெளிய வரல. மத்தியானத்துக்கு மேல அது தலையைத் தூக்கி யாரையோ தேடற மாதிரி பாத்துச்சு. நான் "சா"ன்னு கூப்பிட்டேன், அவர் கூப்பிடற மாதிரி. என் குரலுக்கு அது திரும்பல. அப்படியே போயிருச்சு.

போஜன் ஸ்வெட்டரோட சேத்துச் சுத்தி வண்டியில வெச்சார். திரும்பி வர்ற வழி பூரா ரெண்டு பேரும் பேசல. டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவரும் கேட்டார்தான். அவரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கேக்கல.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட, "லில்லியாம்"னேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது. அவர் என்னைப் பாத்தார். திட்டினா தேவலை, அடிச்சா தேவலை. பாத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். கஞ்சியைக் கொண்டுபோனா வாயைத் திறக்கல. மறுநாள் மாதி வந்து ஊட்டினா திறக்கிறார். என் கைக்குத் திறக்கல. கல்யாணம் ஆன நாள்லருந்து என் கையால சாப்பிட்ட மனுஷன்.

அன்னிக்குத்தான் கிழங்கெல்லாம் தோண்டினேன். தோட்டத்து மூலையில போட்டு எரிச்சேன். பச்சையா இருந்ததால சீக்கிரம் எரியல.

இதோட முடிஞ்சுதா? இல்ல. தெருவுல பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. போஜன் விஷம் வெச்சுப் பூனை செத்துப்போச்சுன்னு. நான் யார்கிட்டயும் போய் அப்படிச் சொல்லல. அப்படி இல்லேன்னும் போய்ச் சொல்லல. கேட்டாத்தானே சொல்றது? விஷம் வெக்கிற வீட்டுப் பாலை எப்படிப் பிள்ளைக்குக் குடுக்கிறதுன்னு ஒரு வீட்ல நிறுத்தினாங்க. அதைப் பாத்து அடுத்த வீடும் நிறுத்துச்சு. மாதி காலையில பால் தூக்குப் போசியோட போகும், கொஞ்ச நேரத்துல அதே கனத்தோட திரும்பி வரும். என் ஜன்னல்லருந்து தெரியும். எனக்கும் எந்த முகத்தோட அதுகிட்ட போய்ப் பால் வாங்கறதுன்னு கூச்சம், நானும் பாக்கெட் பால் வாங்க ஆரம்பிச்சுட்டேன். அதைப் பாத்துத் தெரு என்ன நினைச்சிருக்கும்னு அப்ப எனக்குத் தோணல.

பெரிய வெள்ளி வந்துச்சு. எங்க பங்குல சிலுவைப்பாதை தெரு வழியாத்தான் போகும். எங்க வாசல்ல ஒரு ஸ்தலத்துக்கு நின்னு ஜெபம் சொல்லுவாங்க. ஃபாதர், பீடச் சிறுவர்கள், கூட்டம் எல்லாம் வந்து நிக்குது. நான் வாசல்ல மெழுகுவர்த்தியோட முழங்கால்ல நிக்கிறேன். பின்னால கதவு கிறீச்னுச்சு.

இவர். சுவத்துல சாஞ்சு சாஞ்சு வெளிய வந்து நிக்கறார். அவர் அந்தப் படியைத் தாண்டி எத்தனையோ நாள் ஆச்சு. கைத்தடியை இடது கையில ஊனி, வலது காலை இழுத்து இழுத்து, கூட்டத்துக்கு நடுவுல வர்றார். சிலுவையைத் தொட வர்றார்னு எல்லாரும் வழி விட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அவர் சிலுவையைத் தாண்டிப் போறார். நேரா போஜன் வீட்டு கேட்டுக்கு. அங்க போய் நின்னு, ஜனங்க பக்கம் திரும்பினார்.

பாட்டு நின்னுபோச்சு.

"போ..."ன்னார்.

எல்லாரும் பாக்கறாங்க. ஊரே நிக்குது, இவர் என்னத்தையாவது உளறி வெச்சுட்டா என்ன பண்றதுன்னு ஓடிப் போய்ப் பக்கத்துல நின்னேன். "அவர் என்ன சொல்ல வர்றார்னா ஃபாதர்—"ன்னு ஆரம்பிச்சேன்.

அவர் என் வாயைப் பொத்தினார் சிஸ்டர்.

நல்ல கையில தடி இருக்கு. அதை விட்டுட்டு அந்தக் கையாலதான் பொத்தினார். தடி கீழ விழுந்துச்சு. ஊனிக்க ஒண்ணும் இல்ல. ஆடறார், விழப்போறார், ஆனா கையை எடுக்கல. அவர் கை அவ்வளவு பலமா இருக்கும்னு நான் நினைக்கல. எனக்கு மூச்சு விடக்கூட முடியல.

"போ... ஜன்... இல்ல."

ஒவ்வொரு எழுத்தையும் கிணத்துலருந்து இறைக்கிற மாதிரி இழுக்கிறார். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியாது. நான் முடிச்சுக் குடுக்க முடியாது, வாய் பொத்தியிருக்கு. முதல் தடவையா நானும் எல்லாரையும் மாதிரி நின்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

"பூ. என்... வீட்டு... பூ."

அப்புறம்தான் கையை எடுத்தார். கேட்டைத் திறந்துக்கிட்டு போஜன் ஓடி வந்தார். விழறதுக்குள்ள இவரைத் தாங்கிப் பிடிச்சு, தோள்ல சாச்சு, உள்ள கூட்டிட்டுப் போயிட்டார். என்னை யாரும் கூப்பிடல.

ஃபாதர் கொஞ்ச நேரம் நின்னுட்டு பாட்டை எடுத்தார். சிலுவை நகர்ந்துச்சு. ஜனங்க என்னைப் பாத்துக்கிட்டே போறாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. சிலுவைக்குப் பின்னால போறதா, அந்த வீட்டுக்குள்ள போறதான்னு தெரியாம நான் நடுரோட்ல நிக்கறேன், கையில அணைஞ்ச மெழுகுவர்த்தியோட.

மாதி வெளிய வந்துச்சு. கையில ஒரு டம்ளர். இவருக்குக் குடுத்துட்டு மிச்சம் இருந்ததோ, எனக்குன்னே ஊத்துனதோ தெரியாது. பால். நெத்தியைச் சுருக்கிக்கிட்டே, "ரொம்ப நேரமா வெயில்ல நிக்கறீங்க அக்கா"ன்னு நீட்டுச்சு.

பெரிய வெள்ளி சிஸ்டர். ஒருசந்தி. எங்க வீட்ல அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் தொட மாட்டோம், சின்ன வயசுலருந்து. ஃபாதர் இன்னும் தெருமுனைகூடத் தாண்டல. மரியாயின் சேனைப் பொம்பளைங்க எல்லாரும் திரும்பிப் பாத்துக்கிட்டுத்தான் போறாங்க. பால் நிறுத்தின வீட்டுக்காரங்க அத்தனை பேரும் இருக்காங்க.

நான் அந்த டம்ளரை வாங்கினேன். அண்ணாந்து குடிக்கல. வாய் வெச்சு, மெதுவா, கடைசிச் சொட்டு வரைக்கும் அங்கயே நின்னு குடிச்சேன். எல்லாரும் பாக்கட்டும்னுதான் குடிச்சேன்.

அதை நான் இன்னும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லல. ஃபாதர்கிட்ட கேக்கவும் பயமா இருக்கு. நீங்க படிச்சவங்க. சொல்லுங்க சிஸ்டர், அது பாவமா?